பிள்ளைகளுக்கு வழி சொல்ல ஆள் வேண்டும்!

(திருப்பூரில் பனியன் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் வாசகம்)



பஞ்சப்படி பற்றியும் பீஸ் ரேட் பற்றியும் பேசத்தான் நாம் வழக்கமாக இங்கே கூடுகிறோம். இன்றைக்கு விஷயம் வேறு. ஆனால் இதுவும் கூலிப் பிரச்னையின் ஒரு கிளைதான் என்பதைப் பேச்சு முடிவதற்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

காலேஜில் சேர்ந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு, சேர்ந்த பிறகு யார் வழி சொல்வது? இதுதான் விஷயம்.

ஜூன், ஜூலை மாதம் வந்தால் நம் லயன் வீடுகளில் ஒரு பரபரப்பைப் பார்க்கிறோம். பிளஸ் டூ பாஸ் செய்த பிள்ளைக்கு சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வாங்க ஓட்டம். கவுன்சிலிங்குக்கு ஓட்டம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அப்பா கூடப் போகிறார். இடம் கிடைத்துவிட்டால் தெருவுக்கே மிட்டாய். அதோடு தாயும் தகப்பனும் பெருமூச்சு விட்டு மறுபடி மெஷினுக்கும் காட்டுக்கும் திரும்பிவிடுகிறார்கள். “புள்ளைய சேர்த்தியாச்சுங்க, இனி அவம்பாடு” என்கிறார்கள். அந்த இடத்தில்தான் பிள்ளை தனியாக நிற்கிறான்.

நம் மாகாணத்தில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். இது சாமான்ய விஷயமல்ல. மத்திய சர்க்காரின் உயர்கல்வி சர்வேப்படி 2021-22ல் இந்தியா முழுவதற்கும் மாணவர் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டில் அது 47. அதாவது 18 வயது முதல் 23 வயது வரை உள்ளவர் நூறு பேர் என்றால், 47 பேர் காலேஜில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. இந்த எண்ணிக்கை தானாக உயரவில்லை. மதிய உணவுக்கும், இடஒதுக்கீட்டுக்கும், இலவசப் பஸ் பாஸுக்கும், உபகாரச் சம்பளத்துக்கும் பல தலைமுறை நடத்திய போராட்டம் இதன் பின்னால் நிற்கிறது.

ஆனால் சேர்க்கை வேறு, தேர்ச்சி வேறு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள்? எத்தனை பேர் ஏழெட்டு அரியரோடு வருகிறார்கள்? எத்தனை பேர் இரண்டாவது வருஷமே காணாமற்போய் பவர்டேபிளில் உட்கார்ந்திருக்கிறார்கள்? உங்கள் கம்பெனியிலேயே பாருங்கள். கைமடியாக நிற்கிற பையனைக் கேட்டால், “காலேஜ் போனேங்ண்ணா, விட்டுட்டேன்” என்பான். ஏன் விட்டாய் என்றால் தலையைக் குனிந்துகொள்வான்.

புத்தி இல்லாமல் விட்டானா? இல்லை. இந்த ஊரின் முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் மூளையில் ஒரு பேதமும் கிடையாது. பேதம் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் சித்தப்பா ஆடிட்டர். அத்தை டாக்டர். மாமன் பையன் போன வருஷம்தான் அதே பாடம் படித்து முடித்தான். பிள்ளை ஒரு பேப்பரில் தவறினால் அன்று ராத்திரியே நாலு பேர் உட்கார்ந்து யோசனை சொல்கிறார்கள். மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா, அடுத்த தடவை எழுதலாமா, இந்தப் பாடத்துக்கு டியூஷன் வைக்கலாமா என்று அலசுகிறார்கள். தோட்டமும் கட்டடமும் போல, யோசனையும் அந்த வீட்டில் ஒரு சொத்து. அது வாரிசுக்கு இறங்குகிறது. நம் வீட்டில் அந்தச் சொத்து இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற தாய் “பருவத் தேர்வு” என்றால் என்னவென்று கேட்கிறாள். கேட்டு என்ன பயன் என்று பிள்ளை பதில் சொல்லாமல் போகிறான்.

காலேஜ் என்பது பள்ளிக்கூடம் போல ஒரே வாத்தியார், ஒரே பெல், ஒரே பரீட்சை என்று நடக்கிற இடமல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு இங்கிலீஷ், பகுதி மூன்று அவன் எடுத்த பாடம், அதற்குத் துணைப் பாடம். பகுதி நாலில் சுற்றுச்சூழல் கல்வி போன்ற பேப்பர்கள். பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ்., விளையாட்டு முதலியவை. “இதெல்லாம் சும்மா பேப்பர்” என்று நினைத்து சுற்றுச்சூழல் பேப்பரை எழுதாமல் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் பாஸாகியும் பட்டம் கைக்கு வராமல் நிற்கிற பிள்ளைகள் உண்டு. வருகைப் பதிவு நூற்றுக்கு 75 வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பணம் கட்டி மன்னிப்பு வாங்கலாம். அதற்கும் கீழே இறங்கினால் அந்தத் தடவை பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். உள் மதிப்பெண் என்று ஒன்று, வெளிப் பரீட்சை என்று ஒன்று. உபகாரச் சம்பளத்தை வருஷாவருஷம் புதுப்பிக்கவேண்டும். அதற்கு யு.எம்.ஐ.எஸ். நம்பர் வேண்டும், ஆதார் சேர்த்த பாங்கிக் கணக்கு வேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். அது இங்கிலீஷில் இருக்கும். தேதி முடிந்துவிட்டால் முடிந்ததுதான்.

மில்லின் நிலை ஆணைகளைக் கூட சங்கம் படித்துச் சொல்லித்தான் நமக்குப் புரிந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் படித்துச் சொல்வது?

ஒரு சம்பவம் சொல்கிறோம். பெயரும் வேண்டாம், காலேஜ் பெயரும் வேண்டாம். அப்பா ஓவர்லாக் டெய்லர். அம்மா செக்கிங். பையன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, பி.காமில் சேர்ந்தான். அப்பாவுக்கு இடுப்பு வலி வந்து ஒன்றரை ஷிப்ட் பார்க்க முடியாமல் போயிற்று. பையன் சாயங்காலம் ஒரு பவர்டேபிளில் பேக்கிங் வேலைக்குப் போனான். ஆர்டர் அவசரம் என்றால் ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு. காலையில் முதல் வகுப்புக்கு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாவது பருவம் முடிவில் அவன் வருகை 62 என்று போர்டில் வந்தது. பரீட்சை எழுத அனுமதி இல்லை என்றார்கள். அவன் என்ன புரிந்துகொண்டான்? தன்னைக் காலேஜைவிட்டே நீக்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டான்! வீட்டில் சொல்ல வெட்கம். இரண்டு மாதம் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போகிறதாகச் சொல்லிவிட்டு முழு நேரமும் பேக்கிங்குக்கே போனான்.

உண்மை என்ன? அந்த மாதிரி நிலைமையில் பல சர்வகலாசாலைகளின் விதி பையனை வெளியே தள்ளுவதில்லை. அந்தப் பருவத்துப் பரீட்சை மட்டும் தள்ளிப் போகிறது. அடுத்த பருவ வகுப்புக்குப் போகலாம், விட்டதைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு இடத்திலும் எல்லை கொஞ்சம் மாறும், ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை அவனுக்குக் கொடுக்க அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை. நம் மாணவர் தோழர்கள் விஷயம் தெரிந்து போய்ப் பார்ப்பதற்குள் அடுத்த பருவம் பாதி முடிந்துவிட்டது. பையன் இப்போது சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு, “இதுவே போதுங்ண்ணா” என்கிறான். வாரச் சம்பளம் அவனைப் பிடித்துக்கொண்டது.

இங்கே நாம் ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்தவேண்டும். 1953-ம் வருஷத்தில் ராஜாஜி மந்திரிசபை ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் வீட்டுத் தொழில். வண்ணான் பிள்ளை வெளுக்கட்டும், குயவன் பிள்ளை சக்கரம் சுற்றட்டும் என்கிற திட்டம். குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். திராவிடர் இயக்கமும் கம்யூனிஸ்டுகளும் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜ் மந்திரிசபை வந்ததும் அது குப்பைக்குப் போயிற்று. இன்று அப்படி ஒரு சட்டம் கிடையாது. டெய்லர் மகன் டெய்லராகத்தான் ஆகவேண்டும் என்று எந்த மந்திரியும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பையன் எங்கே போய்ச் சேர்ந்தான்? அப்பா உட்கார்ந்த அதே சந்தில், அதே டியூப் லைட்டின் கீழே! சட்டம் போட்டுச் செய்ய முடியாததை, சும்மா விட்டே செய்து முடித்துவிட்டார்கள்.

“ஏனுங்க, படிச்சவன விட டெய்லர் ஜாஸ்தி சம்பாதிக்கறானே” என்று இந்தக் கூட்டத்திலேயே சிலர் நினைக்கலாம். சீசனில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற டெய்லர் ஒரு வாரத்துக்கு நல்ல கவர் வாங்குகிறார் என்பது வாஸ்தவம். சீசன் போனால்? 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் நம் சரக்கின்மீது 50 சதவிகிதம் வரி என்று ஒரே போடாகப் போட்டபோது, இந்த ஊரில் எத்தனை டேபிள்கள் சும்மா கிடந்தன என்பதை நாம் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாற்பது வயதுக்கு மேல் கண்ணும் முதுகும் போன பிறகு அந்த டெய்லருக்கு என்ன கவர் வருகிறது? டெய்லர் வேலை கேவலம் என்று நாம் சொல்லவில்லை. உலகத்துக்குச் சட்டை போடுகிற கை அது. அந்த வேலைக்கு வருகிறவன், வேறு வழி தெரியாமல் வரக்கூடாது என்றுதான் சொல்கிறோம். எங்கும் போக வழியில்லாத கூட்டம் வாசலில் நிற்கும்வரை முதலாளிக்குக் கூலியை உயர்த்த என்ன அவசியம்? இதனால்தான் இது கூலிப் பிரச்னை என்று ஆரம்பத்திலேயே சொன்னோம்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கூர்மையானது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பஞ்சு மில்கள் செய்ததை மறக்கமுடியுமா? மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, தெற்கத்திக் கிராமங்களிலிருந்து கூலி விவசாயிகளின் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மூன்று வருஷம்! ஒரு பி.ஏ. பட்டத்துக்கு ஆகிற காலமும் அதே மூன்று வருஷம்தான். சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்குக் காலேஜில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் பணம் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். பணம் பேசாதே! முதல் மாதம் முழுக்க இங்கிலீஷில் நடக்கிற வகுப்பில் ஒன்றும் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம், “அம்மிணி, எது புரியலே சொல்லு” என்று கேட்க ஒரு மனுஷி வேண்டும்.

அப்படிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, களையெடுக்கப் போகிற தாயின் மகள் ஒருத்தி விலங்கியல் படிக்கப் போனாள். முதல் பருவத்தில் ஆறு பேப்பரில் நாலு போயிற்று. அவளுடைய ஆசிரியை, நிரந்தர வேலை கூட இல்லாத ஒரு கெளரவ விரிவுரையாளர், அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டவில்லை. விடைத்தாளில் என்ன எழுதினாய் என்று கேட்டார். பாடம் தெரிந்திருக்கிறது, இங்கிலீஷ் வார்த்தைதான் வரவில்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஒரு நோட்டில் தமிழ் வார்த்தையும் இங்கிலீஷ் வார்த்தையும் எதிரெதிரே எழுதிவரச் சொன்னார். வாரம் ஒரு நாள் மத்தியானம் அதைப் பார்த்தார். நாலு அரியரையும் ஒரே மூச்சில் எழுதாதே, இந்தத் தடவை இரண்டு, அடுத்த தடவை இரண்டு என்று பங்கு போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் மூன்றாம் வருஷம் அரியரே இல்லாமல் முடித்தாள். பிறகு பி.எட். போனாள். இதில் மாயம் என்ன இருக்கிறது? ஒரு நோட்டு, வாரம் அரை மணி நேரம், கேட்கிற ஒரு ஆள்.

நிட்டிங் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெஷின் சுற்றும்போது ஒரு ஊசி உடைந்தால் துணியில் மேலிருந்து கீழாகக் கோடு விழுகிறது. ஓட்டுகிறவர் கண் துணிமேல் இருந்தால் உடனே நிறுத்தி ஊசியை மாற்றிவிடுவார். கொஞ்சம் துணியோடு நஷ்டம் போகும். கண் இல்லாவிட்டால் ரோல் முழுக்கக் கோடு. சாயம் ஏற்றி, கட்டிங் ஆகி, தைத்து, செக்கிங் டேபிளுக்கு வந்த பிறகு “டேமேஜ்” என்று தூக்கிப் போட்டால் யாருக்கு லாபம்? பருவப் பரீட்சை என்பது செக்கிங் டேபிள். அங்கே பாஸ், பெயில் என்று பிரிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. மெஷின் பக்கத்தில் நின்று கண் வைக்கிற ஆள்தான் வழிகாட்டி ஆசிரியர். காலேஜில் அவரை ட்யூட்டர் என்பார்கள், மென்ட்டர் என்பார்கள், வகுப்பு ஆலோசகர் என்பார்கள். பெயர் எதுவானாலும் சரி. பிள்ளையின் வருகை இந்த மாதம் என்ன, உள் மதிப்பெண் என்ன, உபகாரச் சம்பளம் வந்ததா, ராத்திரி எங்கே வேலைக்குப் போகிறான், விருப்பப் பாடத்தில் எதை எடுத்தால் பின்னால் எதற்குப் போகலாம், எடுத்த பாடம் ஒத்துவராவிட்டால் முதல் சில வாரத்துக்குள் மாற்ற வழியுண்டா, குரூப் 2 பரீட்சைக்கு எப்போது தயாராக வேண்டும், மேலே எம்.எஸ்ஸி.யா, பி.எட்.டா—இதையெல்லாம் ஒரு ஆள் அவனோடு உட்கார்ந்து பேசவேண்டும். முடிவை அவன் எடுக்கட்டும். அவனுக்காக முடிவெடுத்துக் கொடுக்கிறவர் வழிகாட்டி அல்ல, அது இன்னொரு மேஸ்திரி வேலை.

இது ஏதோ நாம் கற்பனையில் கேட்கிற புதிய சலுகை என்று நினைக்காதீர்கள். விதிப்புத்தகத்தில் இருக்கிறது! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ம் வருஷத்து விதிகள் என்ன சொல்கின்றன? இளநிலைப் பட்ட வகுப்பு ஆசிரியர் நாளொன்றுக்குக் குறைந்தது 2 மணி நேரம் மாணவர்களுக்கு வழிகாட்டச் செலவிடவேண்டும் என்று சொல்கின்றன. அண்ணா சர்வகலாசாலையின் விதிகளில், பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும் பொதுவாக யோசனை சொல்லவும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு ஆசிரியரைத் துறைத்தலைவர் ஒதுக்கவேண்டும், படிப்பு முடியும்வரை அந்த ஆசிரியரே இருக்கவேண்டும் என்று இருக்கிறது. காலேஜுக்குத் தரச் சான்று கொடுக்கிற ‘நாக்’ கமிட்டி, எத்தனை மாணவருக்கு எத்தனை வழிகாட்டி என்று கணக்குக் கேட்கிறது.

கணக்குக் கேட்டால் கணக்குக் கொடுக்கிறார்கள். அழகான பைண்ட் புத்தகம். மாணவன் போட்டோ ஒட்டி, தகப்பன் தொழில் எழுதி, “சந்தித்தேன், ஆலோசனை வழங்கினேன்” என்று தேதி தேதியாகக் கையெழுத்து. கமிட்டி வருவதற்கு முந்தின வாரம் ஒரே நாளில், ஒரே பேனாவில் போட்ட கையெழுத்துக்களாக அவை இருக்கின்ற இடங்களும் உண்டு. நம் ஊர்க் கம்பெனிகளில் அயல்நாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறபோது, ஓவர்டைம் ரிஜிஸ்டர் எப்படித் திடீரென்று சுத்தமாகிவிடுகிறதோ, அப்படி!

இதற்கு ஆசிரியர்மீது பாயலாமா? கூடாது. நாம் கோபத்தைச் சரியான விலாசத்துக்கு அனுப்பவேண்டும். சர்க்கார் கலைக் கல்லூரிகளில் நிரந்தர உதவிப் பேராசிரியர் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடந்தன. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்டில் நடக்கவேண்டிய பரீட்சை தள்ளிப்போயிற்று. இடையில் வகுப்பு நடத்தியவர்கள் யார்? கெளரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கெளரவம். வருஷத்தில் 11 மாதம்தான் சம்பளம். வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019-ல் சொன்னது. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் இங்கே அதில் பாதி கூடக் கொடுக்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர் காண்ட்ராக்ட் தொழிலாளி மாதிரி மே மாதம் அடுப்பு எரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அறுபது பிள்ளைகளின் கவலையை எப்படித் தலையில் ஏற்றிக்கொள்வார்? அப்படியும் ஏற்றிக்கொள்கிறார்களே, அந்த விலங்கியல் ஆசிரியையைப் போல, அதுதான் ஆச்சரியம். நம் பிள்ளையின் பிரச்னையும் அவர்களுடைய சம்பளப் பிரச்னையும் ஒன்றுதான். அவர்கள் உண்ணாவிரதம் இருக்கிறபோது பனியன் சங்கக் கொடி அங்கே போய் நிற்கவேண்டும்.

“நான் முதல்வன்” திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2022 மார்ச்சில் ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற “உயர்வுக்குப் படி” முகாம்கள் நல்ல காரியம். அங்கே நம் ஆட்களும் போய்ப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடவேண்டும். காலேஜ் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி தருகிறார்கள், கம்ப்யூட்டர் பாடம் தருகிறார்கள். அதுவும் இருக்கட்டும். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் வருகிற பாடம், இந்தப் பையன் ஏன் மூன்று வாரமாக வரவில்லை என்று கேட்காது. வேலைச் சந்தைக்குத் தயார் செய்வது வேறு, படிப்பில் தாக்குப்பிடிக்க வைப்பது வேறு. முன்னதில் கம்பெனிக்காரர்களுக்கு அக்கறை உண்டு, அதனால் அது வேகமாக நடக்கிறது. பின்னதில் நம்மைத் தவிர யாருக்கும் அக்கறை இல்லை.

வழிகாட்டியால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை இதுவும் ஒரு பேச்சா? முதலாளித்துவத்தின் கோட்டையான நியூயார்க்கிலிருந்தே சாட்சி சொல்கிறோம். அங்கே நகர சர்வகலாசாலை என்று ஒன்று இருக்கிறது. கூலி வேலைக்காரர்கள், குடியேறியவர்கள், கறுப்பர்கள், இவர்களின் பிள்ளைகள் படிக்கிற இடம். ஒரு காலத்தில் அங்கே சம்பளமே கிடையாது. 1976-ல் நகரத்தின் கஜானா காலி என்று சொல்லி, கடன் கொடுத்த பாங்கிக்காரர்களின் நெருக்கடியில், சம்பளம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் பாதியில் நிற்பது பெருகியது. 2007-ல் அங்குள்ள இரண்டு வருஷக் கல்லூரிகளில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். உதவித்தொகை போக மீதிச் சம்பளம் தள்ளுபடி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாதப் பாஸ், புத்தகத்துக்கு உதவி. இவற்றோடு முக்கியமாக ஒரு ஆலோசகர். மற்ற மாணவர்களுக்கு ஒரு ஆலோசகர் தலையில் அறுநூறு பேருக்கு மேல். இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கு அறுபதிலிருந்து எண்பது பேர்தான். மாதம் இரண்டு தடவையாவது பிள்ளையை நேரில் பார்க்கவேண்டும். பிறகு இதைச் சோதித்தார்கள். ஒரே மாதிரி ஏழைப் பிள்ளைகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கு இந்த ஏற்பாடு, ஒரு பங்குக்குப் பழையபடி. மூன்று வருஷத்தில் பழையபடி விட்டவர்களில் நூற்றுக்கு 22 பேர் பட்டயம் வாங்கினார்கள். ஏற்பாட்டில் இருந்தவர்கள் 40 பேர். அதே பிள்ளைகள்! அதே ஏழ்மை! மூளை மாறவில்லை, ஏற்பாடு மாறியது.

சோவியத் நாடு இதை இன்னும் முன்னாலேயே வேறு முறையில் செய்தது. 1919-லேயே மாஸ்கோவில் தொழிலாளர் பீடம் ஒன்றைத் திறந்தார்கள். ராப்ஃபாக் என்று பெயர். ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவர்களை, உபகாரச் சம்பளம் கொடுத்து, சர்வகலாசாலைப் பாடத்துக்குத் தயார் செய்து அனுப்பினார்கள். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கே பஞ்சம். அந்த நிலைமையிலும் தொழிலாளிக்குக் கதவை மட்டும் திறந்துவிட்டால் போதாது, உள்ளே நடக்கப் பழக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏற்றுமதியில் கோடி கோடியாகக் காசு புரளுகிற நம் ஜில்லாவில் பணம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பமுடியுமா?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. சர்க்கார் காலேஜ்களில் காலியிடங்களை நிரப்பு. கெளரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு சொன்ன சம்பளத்தைக் கொடு. வழிகாட்டும் நேரத்தைப் பாட நேரம்போல அட்டவணையில் போடு. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு முதல் இரண்டு பருவத்தில் கட்டாயம் நேர்ச் சந்திப்பு. வருகை குறைந்தால் பருவம் முடிந்த பிறகு போர்டில் ஒட்டுவது அல்ல, மாதாமாதம் தமிழில் வீட்டுக்குத் தகவல். விதிகளைத் தமிழில் அச்சடித்து, சேரும் நாளிலேயே கையில் கொடு. இதில் எதுவும் வானத்தைப் பிடித்துத் தரச் சொல்வது அல்ல. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அட்டவணையில் ஒரு மணி நேரத்தைப் போடவைக்க நம்மால் முடியாதா?

சர்க்கார் செய்யும்வரை சும்மா இருப்பதா என்றால், இல்லை. பெற்றோர் கூட்டம் என்று காலேஜில் கூப்பிட்டால் நீங்கள் போகவேண்டும். “நமக்கு என்னங்க தெரியும், போயி நின்னா கேவலம்” என்று தாய்மார்கள் கூசுகிறார்கள். கூசவேண்டாம். முதலாளியிடம் போய்க் கூலி கேட்டவர்கள் நீங்கள். காலேஜ் பிரின்ஸிபால் அதைவிடப் பெரிய ஆளா? போய் மூன்று கேள்வி கேளுங்கள். எம் புள்ளைக்கு ட்யூட்டர் யாருங்க? அவரை எந்த நாள், எந்த நேரம் பார்க்கலாம்? வருகை எவ்வளவு இருக்கு? இந்த மூன்றையும் நூறு தாய்மார் கேட்டால் அந்த பைண்ட் புத்தகத்தில் நிஜத் தேதி விழ ஆரம்பிக்கும்.

பவர்டேபிள் நடத்துகிறவர்கள் பலர் நேற்றுவரை டெய்லராக இருந்தவர்கள்தான். படிக்கிற பையனை ராத்திரி ஒன்பது மணிக்குமேல் நிறுத்தாதே என்று சங்கத்தின் மூலம் அவர்களிடம் பேசுவோம். சிலர் கேட்பார்கள். கேட்காதவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது சங்கத்துக்குத் தெரியும்.

பல்லடம், அவிநாசி, காங்கயம் பக்கத்திலிருந்து வந்திருக்கிற விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளுக்கு பஸ் ஒரு பெரிய பிரச்னை. காலை பஸ் ஒன்று தவறினால் முதல் வகுப்பு போய்விடுகிறது. வருகை குறைவதில் பாதி பஸ்ஸால் வருகிற குறைவு. எந்த ஊர், எந்த பஸ், எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக் கொடுங்கள். டிப்போவுக்கு மனுக் கொடுக்க அது வேண்டும்.

கடைசியாக, வேலை விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாராவாரம் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க ஆபீஸ் மாடியில் மாணவர் தோழர்கள் இரண்டு பேர், படித்து முடித்த நம் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் உட்காருவார்கள். கட்டணம் கிடையாது. எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று கேட்கமாட்டார்கள். ஒடிஸா, பீகாரிலிருந்து வந்து இங்கே குடியிருக்கிற தொழிலாளியின் பிள்ளையும் வரலாம். வருகிறபோது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளை இல்லாமல் தகப்பன் மட்டும் வந்து பிரயோஜனமில்லை. மார்க் ஷீட் எத்தனை இருக்கிறதோ அத்தனையும், ஹால் டிக்கெட், பாங்கிப் புத்தகம், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல், இவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பாதியில் விட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களை முதலில் அனுப்புங்கள். அரியர் எழுத எத்தனை வருஷம் அவகாசம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது.